தெருவும் ஸ்டேஷனும்: மக்களும் போலீஸும் சேர்ந்து குற்றத்தைக் குறைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தில் ஆறு வருடம் செயலாளராக இருந்தேன். எங்கள் கூட்டங்களிலும், பக்கத்து நகர்களின் கூட்டங்களிலும் மக்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டை மனதில் வைத்துத்தான் பதில்கள். சட்டம் பற்றிச் சொல்பவை 1 ஜூலை 2024 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவை ஒட்டியவை.

மக்களும் போலீஸும் சேர்ந்து வேலை செய்வது என்றால் என்ன? போலீஸுக்கு உளவு சொல்வதா?

உளவு வேறு, இது வேறு. எந்தத் தெருவிளக்கு எத்தனை நாளாக எரியவில்லை, எந்தக் காலி மனையில் இரவு பத்து மணிக்கு மேல் கும்பல் கூடுகிறது, எந்த வீட்டில் வயதான அம்மா தனியாக இருக்கிறார் என்பதெல்லாம் தெருவில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஸ்டேஷனுக்குத் தெரியாது. போன வாரம் பக்கத்து ஏரியாவில் செயின் பறித்தவர்கள் எந்த நேரத்தில், எப்படி வந்தார்கள் என்பது ஸ்டேஷனுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியாது. இந்த இரண்டு தகவலும் தவறாமல் சந்திக்க ஒரு வழி செய்துகொள்வதுதான் விஷயம்.

இதில் ஒரு கோடு உண்டு. தகவல் இரண்டு பக்கமும் போகலாம், அதிகாரம் கைமாறக் கூடாது. விசாரிப்பது, சோதனை போடுவது, காவலில் வைப்பது எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டுப் போலீஸ் மட்டுமே செய்ய வேண்டியவை. தமிழ்நாட்டில் இந்த முயற்சிகள் எங்கே நன்றாக நடந்தன, எங்கே கெட்டுப்போயின என்று பார்த்தால், பெரும்பாலும் இந்தக் கோட்டில்தான் வந்து நிற்கும்.

இது வெளிநாட்டிலிருந்து வந்த யோசனை இல்லையா? நமக்கு ஒத்து வருமா?

1829இல் ராபர்ட் பீல் லண்டனில் தொடங்கிய போலீஸைத்தான் எல்லோரும் சொல்வார்கள். மக்களின் சம்மதத்தோடு நடக்கும் போலீஸ் என்ற எண்ணம் அங்கே வேர்விட்டது உண்மை. ஆனால் அதே பிரிட்டிஷ்காரர்கள் நமக்குக் கொடுத்தது அந்தப் போலீஸை அல்ல. 1859இல் சென்னை மாகாணத்துக்கு வந்த போலீஸ் சட்டமும், 1861இல் வந்த இந்திய போலீஸ் சட்டமும் ஆட்சியைக் காப்பாற்ற ஒரு படையை உருவாக்கின. ஊரோடு அதற்கு ஒட்டு உறவு வைக்கவில்லை.

அதற்கு முன்னால் நம்மிடம் காவல் முறை இருந்தது. ஊர்க் காவல்காரருக்கு ஊர் கூலி கொடுக்கும். மாடு களவு போனால் அவர் மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அதே முறையில்தான் காவல் கூலி கொடுக்காத ஊரில் மாடு காணாமல் போவதும், துப்புக்கூலி (களவு போனது எங்கே என்று சொல்வதற்கான கூலி) கொடுத்தால் திரும்பி வருவதும் நடந்தன. காவல் செய்பவரைக் கேள்வி கேட்க யாருமில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு இது நம் மண்ணிலேயே உள்ள பாடம்.

அரசு அதற்கு எடுத்த மருந்து நோயைவிடக் கொடியது. குற்றப் பரம்பரைச் சட்டத்தில் பிரமலைக் கள்ளர் உள்ளிட்ட முழுச் சமூகங்களையே குற்றவாளிகள் என்று பதிவு செய்து, ஆண்களிடம் கைரேகை வாங்கி, இரவில் காவலுக்குள் படுக்க வைத்தார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்களை 3 ஏப்ரல் 1920 அன்று போலீஸ் சுட்டது. தாத்தா காலத்துக் கதை என்று தள்ள வேண்டாம். போலீஸ் என்றால் ஒதுங்கிப் போகும் பழக்கம் பல ஊர்களில் இப்படித்தான் வந்தது. நம்பிக்கை பற்றிப் பேச வரும் எந்த அதிகாரியும் இந்தப் பழைய கடனோடுதான் தொடங்குகிறார்.

திருச்சி முறை என்று சொல்கிறார்களே, அங்கே என்ன செய்தார்கள்?

ஜே.கே.திரிபாதி 1999 முதல் 2001 வரை திருச்சி மாநகரக் காவல் ஆணையராக இருந்தார். (பின்னாளில் தமிழ்நாட்டின் டி.ஜி.பி. ஆனவர்.) 1998 கோவை குண்டுவெடிப்புக்குப் பிறகு தமிழ்நாட்டு நகரங்களில் மதப் பதற்றம் அடங்காமல் இருந்த நேரம் அது. அவர் நகரத்தைச் சிறு சிறு பீட்களாக (காவலர்கள் ரோந்து சுற்றும் பகுதிகளாக) பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு காவலர்களை நிலையாகப் போட்டார். அவர்கள் அந்தப் பகுதிக்கே உரியவர்கள். மக்களுக்கு அவர்கள் பெயர் தெரியும், அவர்களுக்கு மக்களின் முகம் தெரியும்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. நம் போலீஸில் கான்ஸ்டபிள் என்பவர் உத்தரவை நிறைவேற்றும் ஆள், முடிவு எடுக்க மாட்டார். கூட்டம் என்றால் பந்தோபஸ்து, வி.ஐ.பி. வந்தால் சாலையோரம் நிற்பது. திருச்சியில் அந்தக் கான்ஸ்டபிளிடமே ஒரு பகுதியின் பொறுப்பைக் கொடுத்தார்கள். தெருச் சண்டையோ சின்னப் புகாரோ, அவரே பேசித் தீர்க்கலாம். மேலிருந்து பார்த்தால் சின்ன மாற்றம். கீழே இருப்பவருக்கு அது மரியாதை. தனக்கு மரியாதை கிடைத்த காவலர் மக்களுக்கும் அதைக் கொடுப்பார் என்பதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

இதோடு மூன்று காரியங்கள் நடந்தன. பல இடங்களில் புகார்ப் பெட்டி வைத்தார்கள், பெயர் போடாமலும் எழுதிப் போடலாம். துன்பத்தில் இருக்கும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவி எண் வைத்தார்கள். குடிசைப் பகுதிகளைத் தத்தெடுத்தார்கள். "அந்த ஏரியா ஆள்" என்று எப்போதும் சந்தேகப்படுகிற பகுதிகளில் போலீஸே இறங்கிப் படிப்புக்கும் வேலைக்கும் வழி தேடிக் கொடுத்தது. இந்த முயற்சிக்குச் சர்வதேச அளவிலும் பாராட்டு வந்தது.

ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் நல்ல திட்டம்தானே? ஏன் தடை செய்தார்கள்?

தொடக்கம் நல்லதுதான். 1993இல் ராமநாதபுரம் மாவட்ட எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி.பிலிப் அதைத் தொடங்கினார். 1991 ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் படுகாயப்பட்டுப் பிழைத்தவர் அவர். சாதாரண மக்கள் போலீஸோடு சேர்ந்து தகவல், விழிப்புணர்வு, ரோந்து ஆகியவற்றில் உதவுவதுதான் எண்ணம். பிறகு அது மாநிலம் முழுவதும் பரவியது.

2020 ஜூனில் ஊரடங்கின்போது சாத்தான்குளத்தில் மொபைல் கடை நடத்திய ஒரு தந்தையும் மகனும் போலீஸ் காவலில் சித்திரவதைப்பட்டு இறந்தார்கள். அந்த இரவில் ஸ்டேஷனில் ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் தன்னார்வலர்களும் இருந்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. சி.பி.ஐ. விசாரித்துக் குற்றப்பத்திரிகை போட்டது போலீஸார் மீதுதான். ஆனாலும் அந்தக் குற்றச்சாட்டு மக்களுக்கு நம்பும்படி இருந்தது, அதைத்தான் யோசிக்க வேண்டும். ஊரடங்கில் கையில் தடியோடு வண்டிகளை மறித்த தன்னார்வலர்களைப் பல ஊர்களில் பார்த்திருந்தார்கள். 2020 ஜூலையில் அரசு அந்த அமைப்புக்குத் தடை விதித்தது.

என் கருத்து இது: நட்பு என்ற யோசனையில் தப்பில்லை. சட்டப்படி எந்தப் பொறுப்பும் இல்லாத ஒருவருக்கு டி-ஷர்ட்டும் அடையாள அட்டையும் கொடுத்து, அவரைப் பாதிப் போலீஸ் ஆக்கியதில்தான் தப்பு. போலீஸ்காரர் தப்பு செய்தால் துறை நடவடிக்கை, நீதிமன்றம், மனித உரிமை ஆணையம் என்று கேட்க இடம் உண்டு. தன்னார்வலர் வண்டி சாவியைப் பிடுங்கினால் எங்கே போய்க் கேட்பது? உங்கள் ஊரில் யாராவது "போலீஸுக்கு உதவும் குழு" என்று சட்டை தைக்கத் தொடங்கினால், முதலில் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

ஊர்க்காவல் படையும் அப்படித்தானா?

இல்லை. அதற்கு 1963ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தேர்வு, பயிற்சி, சீருடை, படி, கட்டுப்பாடு எல்லாம் உண்டு.

உண்மையில் இதனால் குற்றம் குறையுமா? ஆதாரம் இருக்கிறதா?

அதிகம் தவறாகப் பேசப்படும் கேள்வி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1972 அக்டோபர் முதல் ஒரு வருடம் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஒரு சோதனை செய்தார்கள். 15 பீட்களை எடுத்து, ஐந்தில் வழக்கமான ரோந்து, ஐந்தில் இரண்டு மூன்று மடங்கு ரோந்து, மீதி ஐந்தில் அழைத்தால் மட்டும் போவது. முடிவில் குற்றத்திலும் சரி, மக்களின் பயத்திலும் சரி, பெரிய வித்தியாசம் இல்லை. பெரும்பாலோர் ரோந்து கூடியதையோ குறைந்ததையோ கவனிக்கவே இல்லை. ஜீப்பில் சும்மா சுற்றி வருவதால் பெரிய பலன் இல்லை என்பது அப்போது தெரிந்தது.

அதே பத்தாண்டின் கடைசியில் நெவார்க் நகரில் நடை ரோந்தைச் சோதித்தார்கள். குற்ற எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் மக்களின் பயம் குறைந்தது, போலீஸ் மீது நல்ல எண்ணம் கூடியது. பயம் குறைவது சின்ன விஷயமா? இரவு ஏழு மணிக்கு மேல் டியூஷனுக்குப் பெண்ணை அனுப்பத் தயங்கும் ஒரு தாயைக் கேட்டுப் பாருங்கள். அப்புறம் 1980களின் கடைசியில் மினியாபோலிஸில், குற்றம் அதிகம் நடக்கும் சில தெருமுனைகளை மட்டும் தேர்ந்தெடுத்துப் போலீஸை நிறுத்திப் பார்த்தார்கள். அங்கே பலன் தெரிந்தது. ஊர் முழுக்கப் பரவலாகச் சுற்றுவதைவிட, எந்த மூலையில் எந்த நேரத்தில் நடக்கிறது என்று தெரிந்து நிற்பதில் பலன் அதிகம். அந்த மூலையைச் சொல்லக்கூடியவர்கள் அங்கே குடியிருப்பவர்கள்தான்.

நமக்கு நெருக்கமான ஆய்வு 2021இல் வந்தது. பிரேசில், கொலம்பியா, லைபீரியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய ஆறு நாடுகளில் ஒரே நேரத்தில், மக்களும் போலீஸும் கூட்டம் போடுவது, பீட் ரோந்து போன்றவற்றைச் செய்து, செய்யாத பகுதிகளோடு ஒப்பிட்டார்கள். நம்பிக்கையும் கூடவில்லை, குற்றமும் குறையவில்லை. ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தபோது கண்ட காரணங்கள் நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தவை: மேலதிகாரிகள் அதற்கு முக்கியத்துவம் தரவில்லை, அதிகாரிகள் அடிக்கடி மாறினார்கள், மக்கள் சொன்ன பிரச்சினையைத் தீர்க்க ஆளும் பணமும் இல்லை.

இதை வைத்து "வேஸ்ட்" என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. நான் வேறு விதமாகப் படிக்கிறேன். கூட்டம் போட்டு டீ கொடுத்து போட்டோ எடுத்தால் எதுவும் மாறாது. கூட்டத்தில் சொன்ன பிரச்சினை அடுத்த கூட்டத்துக்குள் தீர்ந்ததா என்று பார்க்கும் ஏற்பாடு இருந்தால்தான் மாறும்.

கேரளத்தில் ஜனமைத்ரி என்று ஒன்று இருக்கிறதாமே?

ஆமாம், போலீஸையும் மக்களையும் நெருக்கமாக்கும் திட்டம் அது. 2008இல் 20 ஸ்டேஷன்களில் தொடங்கினார்கள். பீட் அதிகாரி தன் பகுதியின் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்பதுதான் அதன் உயிர். புகார் கொடுக்க மட்டும் போலீஸைப் பார்த்தால் அந்த உறவு எப்போதும் கசப்பாகத்தான் இருக்கும். ஒன்றுமே நடக்காத நாளில் ஒருவர் வந்து "நான் இந்த ஏரியா காவலர், இது என் நம்பர்" என்று சொல்லிவிட்டுப் போனால், ஏதாவது நடக்கும் நாளில் கை தானாக அந்த நம்பரைத் தேடும். 2010இல் அங்கே தொடங்கிய மாணவர் போலீஸ் படையும் குறிப்பிட வேண்டியது.

எங்கள் தெருவில் எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நோட்டிலிருந்து. சும்மா சொல்லவில்லை. எங்கள் நகரில் முதல் இரண்டு கூட்டமும் "போலீஸ் சரியில்லை", "காலம் கெட்டுப்போச்சு" என்றே முடிந்தன. மூன்றாவது கூட்டத்துக்கு முன்னால் ஒரு பள்ளி ஆசிரியை வீடு வீடாகப் போய், கடந்த ஒரு வருடத்தில் என்ன நடந்தது, எங்கே, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டு எழுதி வந்தார். வண்டியிலிருந்து பெட்ரோல் திருட்டு, இரண்டு செயின் பறிப்பு, ஒரு பூட்டு உடைப்பு. செயின் பறிப்பு இரண்டும் ஒரே சந்து, ஒரே மாலை நேரம், விளக்கு எரியாத அதே கம்பத்தடி. நாங்கள் அதுவரை இதைச் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். "ரோந்து அதிகப்படுத்துங்கள்" என்று மனு கொடுத்தால் எந்த எஸ்.ஐ.யும் தலையாட்டி வாங்கி வைப்பார். "இந்தச் சந்தில் ஆறரையிலிருந்து எட்டு வரை ஒருவர் வந்து போனால் போதும்" என்றால் அவரால் செய்ய முடியும், செய்தாரா என்று நம்மாலும் பார்க்க முடியும். விளக்குக்கு மாநகராட்சியில் புகார் கொடுத்தோம். அது எரியப் பதினொரு வாரம் ஆனது. குற்றத் தடுப்பில் பாதி வேலை போலீஸ் வேலையே இல்லை என்பது எனக்கு அந்தப் பதினொரு வாரத்தில் புரிந்தது. விளக்கு, புதர் வெட்டுவது, பூட்டிக் கிடக்கும் பாழடைந்த கட்டடம் எல்லாம் வேறு அலுவலகத்தின் கோப்புகள். சங்கம் இருப்பதே அந்தக் கோப்புகளின் பின்னால் நடக்கத்தான்.

பீட் காவலர் ரோந்து வந்து கையெழுத்துப் போடும் பட்டா புத்தகம் உங்கள் தெருவில் எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில ஊர்களில் இப்போது அதற்குப் பதில் கைபேசியில் ஸ்கேன் செய்யும் முறை வந்திருக்கிறது. கூட்டத்தை மாதம் ஒன்று என்று வைத்து, யார் என்ன செய்வதாகச் சொன்னார்கள் என்று ஒரு பக்கம் எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்குங்கள்.

அந்தக் குழுவில் யார் யார் இருக்க வேண்டும்?

வழக்கமாக யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்: சொந்த வீட்டுக்காரர்கள், கடை முதலாளிகள், ஓய்வு பெற்ற அதிகாரிகள், பெரும்பாலும் ஆண்கள். கிராமம் என்றால் "ஊர்ப் பெரியவர்கள்". அவர்களில் தலித் மக்கள் வாழும் காலனியிலிருந்து ஒருவர்கூட இருக்க மாட்டார். அப்படிப்பட்ட குழு போலீஸோடு கைகோத்தால், ஊரில் ஏற்கெனவே பலம் உள்ளவர்களுக்கு இன்னொரு பலம் சேரும், அவ்வளவுதான். வாடகைக்கு இருப்பவர்கள், வீட்டு வேலைக்கு வருபவர்கள், ஆட்டோ ஸ்டாண்டு, தள்ளுவண்டிக்காரர்கள், தூய்மைப் பணியாளர்கள் எல்லோரையும் சேருங்கள். காலை நாலரை மணிக்குத் தெருவில் நிற்கும் தூய்மைப் பணியாளருக்குத் தெரிந்ததில் பாதிகூட எங்களுக்குத் தெரியாது.

இன்னொன்று. குழு பஞ்சாயத்து பேசக் கூடாத விஷயங்கள் உண்டு. சாதி வன்கொடுமை, வீட்டில் பெண்ணை அடிப்பது, குழந்தைக்கு நடந்த பாலியல் கொடுமை ஆகியவற்றைப் "பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில், தெரிந்தும் தகவல் சொல்லாமல் இருப்பதே குற்றம்.

சிசிடிவி போட்டால் போதாதா?

சென்னையில் ஏ.கே.விஸ்வநாதன் ஆணையராக இருந்தபோது "மூன்றாவது கண்" என்று மக்களையும் வியாபாரிகளையும் சேர்த்து நகரம் முழுக்கக் கேமரா வைக்கும் பெரிய முயற்சி நடந்தது. குற்றவாளியைக் கண்டுபிடிக்க அது உதவியது உண்மை. ஆனால் கேமரா பராமரிப்பில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். எங்கள் பக்கத்து நகரில் வண்டி திருடு போனபோது பார்த்தால், எட்டு கேமராவில் மூன்று வேலை செய்யவில்லை, கேமரா பதிவுக் கருவியான டி.வி.ஆரில் தேதி தப்பாக இருந்தது. மாதம் ஒருமுறை யார் பார்ப்பது, எத்தனை நாள் பதிவு நிற்கும் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். கேமரா தெருவைப் பார்க்கட்டும், எதிர் வீட்டு ஜன்னலைப் பார்க்க வேண்டாம். பதிவை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், கேட்டால் போலீஸிடம் கொடுங்கள்.

வெளியூர் போகும்போது ஸ்டேஷனில் சொல்லலாமா?

தாராளமாக. பூட்டிய வீடு என்று விலாசம், தேதி, தொடர்பு எண் எழுதிக் கொடுத்தால் ரோந்தில் பார்ப்பார்கள். பயணப் படங்களைத் திரும்பி வந்த பிறகு பகிர்ந்தால் போதும்.

தகவல் சொன்னால் என் பெயர் வெளியே வந்துவிடுமே?

எல்லோரும் மெல்லக் கேட்கும் கேள்வி. பயம் நியாயமானது. சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது: குற்றம் பற்றிய தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி போலீஸை நீதிமன்றமும் கட்டாயப்படுத்த முடியாது. சாட்சிகளைப் பாதுகாக்கும் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் 2018இல் ஒப்புதல் கொடுத்தது. ஆனால் காகிதம் வேறு, ஸ்டேஷன் வேறு. தகவல் சொன்னவரின் பெயர் மறுநாளே கஞ்சா விற்பவனுக்குப் போய்ச் சேர்ந்த கதை எங்கள் பகுதியிலேயே உண்டு. அதற்குப் பிறகு மூன்று வருடம் அந்தத் தெருவில் யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு ஆள் வாய் தவறியதால் ஒரு தெருவே ஊமையாகிப் போயிற்று.

அதனால் போதைப்பொருள், ரவுடிகள் போன்ற விஷயங்களை உள்ளூர் ஸ்டேஷனில் சொல்லத் தயக்கம் இருந்தால், நேராக எஸ்.பி. அல்லது ஆணையர் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். போதைப்பொருளுக்கென்று 10581 என்ற எண் தமிழ்நாட்டில் இருக்கிறது. தனி ஆளாகச் சொல்லாமல் சங்கத்தின் பெயரில் பல கையெழுத்தோடு சொல்வதும் ஒரு பாதுகாப்பு.

வேறு எந்த எண்களை வீட்டில் எழுதி ஒட்ட வேண்டும்?

அவசரத்துக்கு 100 அல்லது 112. பெண்களுக்கு 181. குழந்தைகளுக்கு 1098. முதியோருக்கு 14567. இணையத்தில் பணம் ஏமாந்தால் 1930, அதுவும் உடனே. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் அழைத்தால்தான் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். வெட்கப்பட்டு இரண்டு நாள் கழித்துச் சொல்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

புகார் கொடுக்கப் போனால் எஃப்.ஐ.ஆர். போடாமல் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுக்கிறார்கள். என்ன செய்வது?

சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கியதற்கான ரசீது. அது வழக்குப் பதிவு ஆகாது. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சில வகைக் குற்றங்களில் மட்டும் முதற்கட்ட விசாரணைக்கு இடம் உண்டு. மூன்று வருடமோ அதற்கு மேலோ, ஆனால் ஏழு வருடத்துக்குக் குறைவாகத் தண்டனை உள்ளவற்றில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் அதை முடிக்க வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது.

"இது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பவும் கூடாது. எந்த ஸ்டேஷனிலும் பதிந்து உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்புங்கள், அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் இப்போது சட்டத்திலேயே இருக்கிறது.

இதைச் சங்கத்தில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். புகாரை வாங்காத ஸ்டேஷனோடு எந்த ஒத்துழைப்பும் நிற்காது. குற்றக் கணக்கைக் குறைவாகக் காட்டப் புகாரைத் தட்டிக் கழிப்பதும் நடக்கிறது. அப்போது காகிதத்தில்தான் குற்றம் குறையும்.

ஸ்டேஷனுக்குப் போகவே பயமாக இருக்கிறது. தனியாகப் போகலாமா?

யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்றால், பெண்கள், 15 வயதுக்குக் குறைந்தவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள், மாற்றுத் திறனாளிகள், கடுமையான நோயுற்றவர்கள் ஆகியோரை அவர்கள் இருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. ஸ்டேஷன்களில் எல்லா இடத்திலும் கேமரா இருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் ஸ்டேஷனில் அது வேலை செய்கிறதா என்று மாதக் கூட்டத்தில் கேட்கலாம். மரியாதையாகக் கேட்டால் தப்பே இல்லை. தெருவில் கேமரா வைக்கச் சொல்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம். அப்புறம்?

கண் முன்னால் கடுமையான குற்றம் செய்தவரைப் பொதுமக்கள் பிடிக்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் உடனே போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும், எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள். கட்டி வைப்பது, அடிப்பது எதற்கும் அனுமதி இல்லை. செய்தால் நீங்கள்தான் குற்றவாளி.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் நடந்ததை மறக்கவே கூடாது. குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிப்பவர்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தியை நம்பிய கூட்டம் அவர்களை அடித்தது. 65 வயதுப் பெண் ஒருவர் இறந்துபோனார். அங்கே அடித்தவர்களும் தங்கள் ஊரைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்கள். அந்தச் சாவுக்குப் பிறகு எங்கள் குழுவில் ஒரு விதி வைத்தோம்: "சந்தேகத்துக்குரிய ஆள்" என்று யாருடைய படத்தையும் குழுவில் போடக் கூடாது. சந்தேகம் இருந்தால் 100க்கு அழைக்கலாம்.

வடமாநிலத் தொழிலாளர்கள் வந்த பிறகுதான் திருட்டு கூடிவிட்டது என்கிறார்களே?

ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது சொல்வார்கள். நான் ஒவ்வொரு முறையும் நோட்டை எடுத்து, எந்தச் சம்பவம் என்று கேட்பேன். பதில் வராது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. தமிழ்நாடு போலீஸ் இந்தியிலும் பேசி, தொழிலாளர்கள் தங்கியிருக்கும் இடங்களுக்கே போய்ப் பயத்தைப் போக்கியது. வதந்தி இரண்டு பக்கமும் கொல்லும். அந்தத் தொழிலாளர்களின் மேஸ்திரியையும் அவர்களில் இருவரையும் உங்கள் கூட்டத்துக்கு அழையுங்கள். சம்பள நாளில் கைபேசியும் பணமும் பறிபோவது அவர்களுக்குத்தான் அதிகம், மொழி தெரியாததால் புகார் கொடுப்பதும் இல்லை.

நல்ல இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். எல்லாம் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்தா?

எங்களுக்கு ஆறு வருடத்தில் ஐந்து இன்ஸ்பெக்டர்கள். இரண்டாமவர் போனபோது நிஜமாகவே எல்லாம் நின்றது, ஏனென்றால் எல்லாம் அவருடைய கைபேசியிலும் எங்கள் செயற்குழுவின் நினைவிலும்தான் இருந்தன. அதன் பிறகு மாதக் கூட்டக் குறிப்பின் ஒரு நகலை, ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டரிடம் கொடுத்து, வாங்கியதாக முத்திரை போட்டுக்கொண்டோம். அதிகாரிகள் மாறினாலும் ரைட்டரும் ஏட்டுகளும் பெரும்பாலும் கொஞ்ச நாள் அங்கேயே இருப்பார்கள். அவர்களிடம் உறவு வைத்துக்கொள்ளுங்கள்.

புதியவர் வந்த முதல் வாரத்தில் மாலையும் சால்வையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரு பக்கத் தாள் போதும். கடந்த ஆறு மாதத்தில் நடந்த சம்பவங்கள், இடம், நேரம், தீர்ந்தவை, தீராதவை, அடுத்த கூட்டத்தின் தேதி. எங்கள் நான்காவது இன்ஸ்பெக்டர் அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "இந்தப் பெட்ரோல் திருட்டு ஏன் எங்கள் ரிஜிஸ்டரில் இல்லை?" என்று கேட்டார். நாங்கள் யாருமே புகார் கொடுக்கவில்லை என்றோம். மறுநாள் காலை ஏட்டையா ஒருவர் நோட்டோடு தெருவுக்கு வந்தார்.